ஒரு பல்

டார்ச் பிடித்தது நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யீஷூன், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம்,
நான்காம் தளம், தூணோரம்,
சனிக்கிழமை இரவு பதினொன்றரை.
'இங்கே வாகனம் பழுதுபார்க்கக் கூடாது' பலகைக்கு
முதுகைக் காட்டியபடி
குணாளன் டைமிங் பெல்ட்டைக் கழற்றினான்.
காக்கி புக்கிட் பட்டறையில்
தொள்ளாயிரத்து இருபது வெள்ளி கேட்டிருந்தார்கள்.
சிஓஇ முடிய இன்னும் பதினொரு மாதம்.
"பதினொரு மாசத்துக்குத் தொள்ளாயிரமா?"
வீடியோவை நான்கு முறை பார்த்திருந்தான்,
நான்காவது முறை ஒன்றரை மடங்கு வேகத்தில்.

மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி,
கீழ்ச் சக்கரத்தில் ஒரு கோடு.
இரண்டும் தத்தம் அடையாளத்துக்கு
நேராக நிற்கவேண்டும். நின்றன.
புது பெல்ட்டைப் பல் பல்லாக ஏற்றினான்.
டென்ஷனர் ஊசியை உருவினான்.
பெல்ட் விறைத்தது.
மேல் சக்கரம்
தூக்கத்தில் புரள்பவரைப் போல
கொஞ்சம் நகர்ந்தது.

ஒரு பல்.

"குணா, அது..."
"லைட்ட ஆட்டாத லோசனா."
ஆட்டவில்லை.
அதற்குப் பிறகு வாயையும் ஆட்டவில்லை.

ஞாயிறு காலை எஞ்சின் பிடித்தது,
குளிர்காய்ச்சல் கண்ட உடம்பாக உதறியது.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
சந்தைக்குப் போய்த் திரும்புகையில்
மூன்றிலிருந்து நான்காம் தளத்துக்கு ஏற
அத்தனை மூச்சு வாங்கியது.
பின்னால் வந்த வேன்காரர் ஹார்ன் அடிக்கவில்லை,
அதுதான் குணாளனை அதிகம் சுட்டது.

முதல் குற்றவாளி, ஜொகூரில் ஊற்றிய பெட்ரோல்.
அடுத்து ஸ்பார்க் பிளக், நான்கும் புதிது.
அடுத்து எங்கோ ரப்பர் குழாயில் ஓட்டை.
குழாய் நெடுக ஸ்பிரே அடித்துக்
காது கொடுத்துக் கேட்டான்.
உதறல் மாறவில்லை.
செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கோடு ரீடர்,
முப்பத்தொரு வெள்ளி.
அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது:
மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒத்துப்போகவில்லை.
உரக்கப் படித்தான்.
"சென்சார் போயிருச்சு," என்றான்.

நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை.
ரத்தத்தின் விடை விபரீதமாக வந்தால்
முதலில் எங்கள் கையைச் சந்தேகிப்போம்,
அப்புறம்தான் நோயாளியை.
இதை அவனிடம் சொல்லவில்லை.
பாவம், மனம் நோகும் என்றுதான்
சொல்லாமல் இருக்கிறேன் என
புதன்வரை நம்பினேன்.
சென்சாருக்கு எழுபத்தெட்டு வெள்ளி எண்ணியபோது
நாக்கடியில் சின்னதாய் ஓர் இனிப்பு ஊறியது.
அப்போது தெரிந்தது, இது வேறு.

வியாழன், நல்ல மழை.
எதிர் பிளாக் ரோஸ்லான்
அழுத்தமானியோடு வந்தார்.
நான்கு சிலிண்டரும் குறைவு.
நான்கும் ஒரே அளவு குறைவு.
"நாலும் ஒரே நாள்ல சாகாது, பிரதர்."
துணியில் கையைத் துடைத்தபடி
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"லைட் பிடிச்சது யாரு?"

மழைநீர் தூண் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊசிய உருவுறப்போ நகர்ந்துச்சு," என்றேன்.
"ஒரு பல்லு. பாத்தேன்."

கத்துவான் என்று நினைத்தேன்.
ஐந்து நாள், நூற்றைம்பது வெள்ளிக்கு மேல்,
கத்தலாம்.
எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:
"எந்தப் பக்கமா?"
"உன் பக்கமா."

ரோஸ்லான் இருமினார்,
வீட்டில் சோறு காத்திருப்பதாகச் சொல்லி நடந்தார்.

இரவு மறுபடி மூடியைத் திறந்தோம்.
ஸ்பானரை என்னிடம் தந்தான்.
மேல் சக்கரத்தை நான் இறுக்கிப் பிடிக்க
ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஊசி அவனுக்கு.
வெளிச்சம் ஆடியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாமலிருக்கப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது.
கையாலேயே இரண்டு முழுச் சுற்று,
பிஸ்டன் எதையாவது இடிக்கிறதா என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
இடிக்கவில்லை.
புள்ளியும் கோடும் வந்து நின்றன.

இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பினான்.
டாஷ்போர்டில் அவன் வைத்த தண்ணீர் போத்தலில்
தண்ணீர் அசையவில்லை.

மைலோ டின்னைக் கவிழ்த்தோம்.
ஒரு போல்ட் மிச்சம்.
பத்து மில்லிமீட்டர் தலை,
நுனியில் கொஞ்சம் கிரீஸ்.

இந்த முறை
இரண்டு பேருமே பார்த்தோம்.